லாங் சீமை முழுக்கப் படம் எடுத்த பிறகு சர்க் சீமுக்கு எதற்கு ஃபிலிம்?

நவி மும்பையின் தலோஜா பட்டறையிலிருந்து நீங்கள் அனுப்பிய கேள்வியை, இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். அழுத்தம் தாங்கும் உருளைக் கலன் ஒன்றின் உள்விட்டம் 1500 மி.மீ.; வடிவமைப்பு அழுத்தம் 1.5 மெகாபாஸ்கல், அரிப்புக்கென ஒதுக்கியது 1.5 மி.மீ.; தகடு எஸ்ஏ-516 கிரேடு 70 என்னும் கார்பன் எஃகு, 10 மி.மீ. தடிமன். இரண்டிரண்டு மீட்டர் நீளமுள்ள இரண்டு ஷெல் துண்டுகள், இரு முனையிலும் ஒரே தகட்டில் அழுத்தி எடுத்த நீள்வட்ட டிஷ் எண்ட் (கலனின் முனையை மூடும் குவிந்த மூடி). கணக்குத்தாளில் இணைப்புத் திறன் (தடிமன் கணக்கில் வெல்டுக்கு வைக்கும் எண்) 1.0 என்றும், வரைபடத்தில் ஆர்டி-2 (எந்த வெல்டை எவ்வளவு படம் எடுப்பது என்ற குறியீடு) என்றும் இருக்கிறது. ஷெல்லின் நீளவாக்கில் ஓடும் வெல்டுகளான இரண்டு லாங் சீமுக்கும் முழு நீளத்துக்கு ஃபிலிம், அதாவது கதிர் பாய்ச்சி எடுக்கும் ரேடியோகிராஃபி படம், எடுத்துத் தேறிவிட்டது. தண்ணீர் நிரப்பி அழுத்திப் பார்க்கும் ஹைட்ரோ டெஸ்டும் முடிந்துவிட்டது. இந்த நிலையில் மூன்றாம் தரப்பு இன்ஸ்பெக்டர், கலனைச் சுற்றி ஓடும் வெல்டான சர்க் சீமின் ஃபிலிம் எங்கே என்று கேட்கிறார். உங்கள் சூப்பர்வைசரோ, கணக்கைத் தீர்மானிப்பது லாங் சீம்தான், சர்க் சீமுக்கு இணைப்புத் திறன் 0.7 என்று வைத்தாலும் தடிமன் மிச்சம் இருக்கிறது, ஹைட்ரோவிலும் ஒரு சொட்டுக் கசியவில்லை, ஆகவே ஃபிலிம் தேவையில்லை என்கிறார்.

இன்ஸ்பெக்டர் கேட்பதுதான் சரி. ஆனால் சூப்பர்வைசர் சொன்ன கணக்கிலும் தவறில்லை. சரியான கணக்கை வைத்துக்கொண்டு தவறான முடிவுக்கு எப்படி வர முடிகிறது என்பதைப் புரிந்துகொண்டால்தான் அடுத்த கலனில் இதே வாக்குவாதம் வராது; அதனால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

இணைப்புத் திறன் 0.7 என்றால் அந்தப் பற்றவைப்பு தகட்டின் வலிமையில் எழுபது விழுக்காடுதான் தாங்கும் என்று பட்டறைகளில் பரவலாக நம்பப்படுகிறது. படித்த பொறியாளர்கள்கூட அப்படிச் சொல்லக் கேட்டிருக்கிறேன். அது உண்மையில்லை. எந்தக் கலனிலும் வெல்டிங் தொடங்கும் முன்பே அந்த வெல்டிங் செய்முறை அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தின் (ஏஎஸ்எம்இ) நெறியின் ஒன்பதாம் பகுதியின்படி தகுதித் தேர்வில் தேற வேண்டும். அதில் பற்றவைத்த தகட்டிலிருந்து வெட்டிய துண்டை இழுத்துப் பார்க்கும்போது, அடிப்படை உலோகத்துக்கு விதித்த குறைந்தபட்ச இழுவலிமையை அது எட்டியாக வேண்டும். அதாவது ஒழுங்காகப் போடப்பட்ட வெல்டு தகட்டுக்கு நிகரானதுதான். கலனில் போடப்பட்ட அந்தக் குறிப்பிட்ட வெல்டு ஒழுங்காகத்தான் போடப்பட்டதா என்பது நமக்கு எவ்வளவு தெரியும் என்பதையே இந்த எண் சொல்கிறது. முழுவதும் பார்த்திருந்தால் 1.0, அங்கங்கே பார்த்திருந்தால் 0.85, எதையும் பார்க்கவில்லையென்றால் 0.70. பார்க்காமல் விட்டதற்கு ஈடாகத் தகட்டைத் தடிமனாகப் போட வேண்டும் என்பதே இந்த ஏற்பாடு.

இந்தப் பெயர் ரிவெட் அடித்த பாய்லர்களின் காலத்திலிருந்து வந்தது. ரிவெட்டுக்குத் துளை போட்டால் தகட்டில் உலோகம் நிஜமாகவே குறைகிறது. அப்போது இந்த எண் அளந்து கணக்கிட்ட வலிமைக் குறைவாகவே இருந்தது. வெல்டிங் வந்த பிறகு பெயர் அப்படியே தங்கிவிட, பொருள் மாறிவிட்டது.

மேலே சொன்ன மூன்று எண்களும் ஏஎஸ்எம்இ எட்டாம் பகுதி, முதல் பிரிவின் யூடபிள்யூ-12 அட்டவணையில் முதல் வகை இணைப்புக்கு உரியவை. அதாவது தகடுகளை விளிம்போடு விளிம்பு சேர்த்து இருபுறமும் பற்றவைத்த பட் வெல்டு, அல்லது அதற்கு நிகரான தரத்தில் ஒருபுறமிருந்து போட்டது. பின்புறப் பட்டையை வைத்துப் போட்டு அதை எடுக்காமலே விட்டால் அது இரண்டாம் வகை. அதற்கு முறையே 0.90, 0.80, 0.65. பின்பட்டை இல்லாமல் ஒருபுறம் மட்டும் போட்டால் 0.60. அதற்கும் கீழே, ஒரு தகட்டின்மேல் இன்னொன்றை ஏற்றிப் போடும் லேப் இணைப்புகள் 0.55, 0.50, 0.45 என்று இறங்கிக்கொண்டே போகும். இந்தக் கடைசி வகைகளுக்கு எவ்வளவு ஃபிலிம் எடுத்தாலும் எண் ஏறாது. நம் நாட்டின் ஐஎஸ் 2825 நெறிமுறையும், 1969-இல் வந்தது, இதே சிந்தனையில்தான் கலன்களை மூன்று வகுப்பாகப் பிரிக்கிறது. மும்பை, தானே பகுதிகளின் பழைய ஆலைகளில் அந்த நெறிப்படி செய்த கலன்களை இன்றும் பார்க்கலாம்.

இப்போது உங்கள் கலனையே எடுத்துக்கொள்வோம். ஷெல்லின் தடிமனைக் காண, அழுத்தத்தை உள் ஆரத்தால் பெருக்க வேண்டும். அனுமதித்த தகைவை (ஓரலகுப் பரப்பில் தகடு தாங்கலாம் என்று நெறி விதித்த விசை) இணைப்புத் திறனால் பெருக்கி, அதிலிருந்து அழுத்தத்தின் 0.6 பங்கைக் கழிக்க வேண்டும். முதலில் வந்ததை இரண்டாவதால் வகுக்க வேண்டும். எஸ்ஏ-516 கிரேடு 70 தகட்டுக்குச் சாதாரண வெப்பநிலையில் அனுமதித்த தகைவு 138 மெகாபாஸ்கல். அரிப்புக்குப் பிந்தைய ஆரம் 751.5 மி.மீ. இணைப்புத் திறன் 1.0 என்றால் 8.22 மி.மீ. வருகிறது; 0.85 என்றால் 9.68, 0.70 என்றால் 11.78. அரிப்புக்கான 1.5 மி.மீ.-ஐச் சேர்த்தால் 9.72, 11.18, 13.28. கடையில் கிடைக்கும் தகட்டில் சொன்னால் 10, 12, 14. நான்கு மீட்டர் ஷெல்லுக்கு எடை ஏறத்தாழ 1490 கிலோ, 1790 கிலோ, 2090 கிலோ. ஆக, ஒவ்வொரு படி இறங்கும்போதும் ஏறக்குறைய 300 கிலோ இரும்பு கூடுதலாகப் போகிறது. அந்த இரும்போடு அதை வெட்டி, உருட்டி, பற்றவைக்கும் வேலையும் கூடுகிறது. உங்கள் வடிவமைப்பாளர் 10 மி.மீ. என்று எழுதியபோதே, வெல்டுகளை விதிப்படி பார்த்துவிடுவோம் என்ற வாக்குறுதியும் அதற்குள் வந்துவிட்டது.

சூப்பர்வைசரின் வாதம் நிற்கும் இடம் இதற்கு அடுத்தது. உருளைக் கலனில் உள்ளழுத்தம் இரண்டு திசைகளில் தகட்டை இழுக்கிறது. சுற்றளவுத் திசையில் இழுக்கும் தகைவை லாங் சீம் தாங்குகிறது. நீளத் திசையில் இழுப்பதைச் சர்க் சீம் தாங்குகிறது. பின்னது முன்னதில் ஏறக்குறைய பாதிதான். ஆகவே சர்க் சீமுக்கான சூத்திரத்தில் இணைப்புத் திறனை 0.70 என்று வைத்தாலும் உங்கள் கலனுக்கு 5.82 மி.மீ. போதும், லாங் சீம் கேட்பதோ 8.22. இதிலிருந்து தெரிய வேண்டியது, இணைப்புத் திறன் முழுக் கலனுக்கும் உரிய ஒரே எண் அன்று என்பது. எந்த இணைப்பு, எந்தத் திசைத் தகைவைத் தாங்குகிறது, அதற்கு எந்தச் சூத்திரம் என்று பார்த்து ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகத் தீர்மானிக்க வேண்டும். வரைபடத்தின் மூலையில் ஒரே ஒரு எண்ணை எழுதிவைக்கும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. பாதிக் குழப்பம் அங்கேதான் பிறக்கிறது. உயரமான கோபுரக் கலன்களிலும், இரண்டு சாடில் தாங்கிகளின்மேல் கிடக்கும் நீளக் கலன்களிலும் காற்று, நிலநடுக்கம், சொந்த எடை ஆகியவற்றால் நீளத் திசைத் தகைவு ஏறிக்கொள்ளும். அங்கே சர்க் சீமே தடிமனைத் தீர்மானிக்கக்கூடும் என்பதையும் மனத்தில் கொள்ளுங்கள். உங்கள் கலனில் அந்தச் சிக்கல் இல்லை.

அப்படியானால் இன்ஸ்பெக்டர் ஏன் கேட்கிறார்? யூடபிள்யூ-11 விதியில் லாங் சீமுக்கு 1.0 எடுத்துக்கொள்ளும் உரிமையோடு ஒரு நிபந்தனையும் சேர்ந்தே வருகிறது. முழுப் படம் எடுத்த லாங் சீமைக் குறுக்கே வெட்டும் சர்க் சீமும், இணைப்பில்லாத டிஷ் எண்டை ஷெல்லோடு சேர்க்கும் சர்க் சீமும், குறைந்தபட்சம் ஸ்பாட் ரேடியோகிராஃபி (அங்கங்கே சில இடங்களை மட்டும் படம் எடுப்பது) அளவுக்காவது சோதிக்கப்பட்டிருக்க வேண்டும். இந்த நிபந்தனை நிறைவேறினால்தான் அந்த 1.0 உங்களுக்குச் சொந்தம். சர்க் சீமின் சொந்தக் கணக்குக்காக அந்த ஃபிலிமைக் கேட்கவில்லை. லாங் சீமுக்கும் டிஷ் எண்டுக்கும் நீங்கள் எடுத்துக்கொண்ட சலுகைக்காகக் கேட்கிறார்கள். சூப்பர்வைசர் தவறவிட்ட கண்ணி இதுதான்.

டிஷ் எண்ட் விஷயத்தில் இது இன்னும் பலருக்கு வியப்பாக இருக்கிறது. ஒரே தகட்டில் அழுத்தி எடுத்ததில் வெல்டே இல்லையே, அதற்கு எதற்கு இணைப்புத் திறன் என்று கேட்பார்கள். யூடபிள்யூ-12 விதி சொல்வது தெளிவானது: வெல்டில்லாத முனைக்கும் ஷெல்லுக்கும், அதைச் சேர்க்கும் சர்க் சீமில் அந்த ஸ்பாட் எடுத்திருந்தால் 1.0, எடுக்காவிட்டால் 0.85. உங்கள் டிஷ் எண்டுக்கு 1.0-இல் அரிப்பு உட்பட 9.68 மி.மீ. போதும், 0.85-இல் 11.12 மி.மீ. வேண்டும். வெல்டே இல்லாத ஒரு பொருளின் தடிமன், பக்கத்து வெல்டைப் பார்த்தோமா இல்லையா என்பதைப் பொறுத்து மாறுகிறது. விதியின் நோக்கத்தை நான் புரிந்துகொண்டது இப்படி: 1.0 என்று வைத்தவுடன் கண்ணுக்குத் தெரியாத வேலைத்தரத்துக்கென ஒதுக்கிய மிச்சம் முழுவதும் கைவிட்டுப் போகிறது. அப்படி விடும்போது, அந்தத் துண்டுகளைக் கட்டிப் பிணைக்கும் இணைப்பில் வேலை கொஞ்சமாவது நன்றாக நடந்திருக்கிறது என்ற சான்று கையில் இருக்க வேண்டும்.

ஆர்டி-2 என்ற குறியீடு இந்த ஏற்பாட்டைத்தான் குறிக்கிறது. ஆர்டி-1 என்றால், குழாய் பொருத்தும் சிறிய நாசில்கள் சிலவற்றின் வெல்டுகள் நீங்கலாக, அழுத்தம் தாங்கும் எல்லா பட் வெல்டுகளும் முழு நீளத்துக்குப் படமாக வேண்டும். உங்கள் கலனில் அது லாங் சீம் நான்கு மீட்டர், அதற்கு மேல் மூன்று சர்க் சீமும் சேர்ந்து 14 மீட்டருக்குச் சற்று அதிகம். ஆர்டி-2-இல் அந்த நான்கு மீட்டரும் சர்க் சீமில் ஸ்பாட்டும் போதும். இரண்டிலும் தடிமன் ஒன்றுதான், கணக்கிலும் 1.0தான். ஆர்டி-3 என்றால் முழுக் கலனும் ஸ்பாட் அளவில், 0.85. இந்த மூன்றிலும் சேராமல் கலப்பாக இருப்பது ஆர்டி-4. டெண்டரில் வெறுமனே நூறு விழுக்காடு ரேடியோகிராஃபி என்று எழுதிவிட்டு, எந்த வெல்டுக்கு என்று சொல்லாமல் விடும் வாடிக்கையாளர்களிடம் ஆர்டர் எடுக்கும் முன்பே இதைக் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். உயிருக்கு ஆபத்தான நச்சுப் பொருளை வைக்கும் கலனுக்கும், ஒரு வரம்பைத் தாண்டிய தடிமனுக்கும் இந்தத் தெரிவுகளே கிடையாது. சாதாரணக் கார்பன் எஃகில் இணைப்புத் தடிமன் 32 மி.மீ.-ஐத் தாண்டினால் முழுப் படம் கட்டாயம். உலோகக் கலவை கூடக்கூட அந்த வரம்பு இறங்கும்.

ஸ்பாட் என்பதைப் பட்டறைகளில் மிக அலட்சியமாக எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் விதி அதைக் கவனமாகத்தான் வகுத்திருக்கிறது. ஒவ்வொரு 15 மீட்டர் வெல்டுக்கும், அல்லது அதில் எஞ்சும் பகுதிக்கும், குறைந்தது ஒரு ஸ்பாட். அதன் நீளம் குறைந்தது 150 மி.மீ. உங்கள் மூன்று சர்க் சீமும் சேர்ந்து 15 மீட்டருக்குள் அடங்குவதால் கணக்குப்படி ஒன்று போதும். ஆனால் ஒவ்வொரு வெல்டரின் வேலையும் ஏதாவது ஒரு ஸ்பாட்டில் விழ வேண்டும். ஒரே இணைப்பில் இரண்டு பேர் அடுக்கடுக்காகப் போட்டிருந்தாலோ, ஆளுக்கொரு பக்கம் போட்டிருந்தாலோ ஒரு ஸ்பாட் இருவருக்கும் பொருந்தும். ஆளுக்கொரு சீம் போட்டிருந்தால் பொருந்தாது. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது ஒரே அடுப்பில், ஒரே கையால் பொங்கிய சோற்றுக்குத்தான். அதனால் வெல்டர் ஸ்டாம்ப் எந்தெந்தச் சீமில் இருக்கிறது என்பதை முதலில் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

எந்த இடத்தில் எடுப்பது என்பதை இன்ஸ்பெக்டர் தீர்மானிக்க வேண்டும். அதுவும் வெல்டு முடிந்த பிறகு. காலையிலேயே சாக்பீஸால் வட்டம் போட்டுக் காட்டிவிட்டு அங்கே மட்டும் நல்ல வெல்டரை உட்காரவைத்தால் அது சோதனையே அன்று. என் கருத்தில், லாங் சீமும் சர்க் சீமும் சந்திக்கும் டி ஜாயின்ட்டில் ஒன்று எடுப்பது நல்லது. அங்கே வெல்டர் பலமுறை நிறுத்தித் தொடங்குவார். லாங் சீமின் முடிவைச் சரியாகக் குடையாமல் அதன்மேலேயே சர்க் சீமை ஓட்டிவிடும் பழக்கமும் உண்டு. அப்படிப்பட்ட ஃபிலிமைப் பார்வைப் பெட்டியில் வைத்தால், வெல்டின் நடுவே ரூட் (வெல்டின் அடிப்பகுதி) பக்கத்தில் மெல்லிய, விளிம்பு நேரான கறுப்புக் கோடு ஒன்று தென்படும். ஒழுங்கற்ற விளிம்போடு அகலம் மாறிக்கொண்டே போனால் வெல்டுக்குள் சிக்கிய கசடாக (ஸ்லாக்) இருக்கலாம். ஒரு பக்கம் தகட்டின் விளிம்பைப் பிடித்து நேராக ஓடினால் உருகிச் சேராத இடமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். முன்னதற்கு நீள வரம்பு உண்டு: முழுப் படம் எடுக்கும் வெல்டில், 19 மி.மீ. வரையிலான தகட்டுக்கு 6 மி.மீ. நீளம் வரை ஏற்கலாம். பின்னதற்கும் விரிசலுக்கும் ரூட் ஊடுருவாமைக்கும் எந்த நீளமும் ஏற்கத்தக்கதன்று. ஆகவே அந்தக் கோடு எது என்று முடிவு செய்யும் கண்ணுக்குத்தான் இங்கே மதிப்பு. ஃபிலிமைப் படித்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டிய இன்டர்பிரட்டர் அவசரமாகக் கையெழுத்திட்டால் இந்த ஏற்பாடு முழுவதும் வீணாகிவிடும்.

ஸ்பாட்டில் குறை தெரிந்தால் என்ன செய்வது என்பதும் விதியிலேயே இருக்கிறது. அதே 15 மீட்டருக்குள் முதல் இடத்திலிருந்து விலகி இன்னும் இரண்டு ஸ்பாட் எடுக்க வேண்டும். இரண்டும் தேறினால், முதலில் கண்ட குறையை மட்டும் வெட்டிச் சரிசெய்து அந்தப் பகுதியை ஏற்கலாம். இரண்டில் ஒன்று தேறாவிட்டாலும் அந்தப் பகுதி முழுவதும் நிராகரிக்கப்படுகிறது. முழுவதையும் வெட்டியெடுத்து மறுபடி பற்றவைக்கலாம், அல்லது முழுவதையும் படம் எடுத்துக் கண்ட குறைகளையெல்லாம் சரிசெய்யலாம். தேறாத ஸ்பாட்டுக்குப் பக்கத்திலேயே இன்னொன்று எடுத்து அதை மட்டும் கோப்பில் வைப்பது விதியை ஏமாற்றுவது.

ஃபிலிமின் தரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 10 மி.மீ. தகட்டுக்கு, காமா கதிர் வீசும் மூலமான இரிடியம்-192 அவ்வளவு உகந்ததன்று. அதன் கதிர் வலுவானது. மெல்லிய எஃகில் குறைக்கும் நல்ல உலோகத்துக்கும் இடையேயான கறுப்பு வேறுபாடு மங்கிவிடும். எக்ஸ்-ரே கருவி கிடைத்தால் அதை வற்புறுத்துங்கள். இல்லாவிட்டால் செலினியம்-75 நல்லது. மின்சாரம் வேண்டாம், எங்கும் தூக்கிப் போகலாம், வாஷியில் இருக்கும், அணுசக்தித் துறையின் பிரிட் நிறுவனத்திடமிருந்து மூலத்தை வாங்கிக்கொள்ளலாம் என்பதால் இந்தப் பகுதியில் இரிடியமே பழகிவிட்டது. பயன்படுத்தக் கூடாது என்று நெறி தடுக்கவும் இல்லை. படத்தின் தெளிவைச் சோதிக்க வெல்டோடு வைக்கும் பெனிட்ரோமீட்டரின் உரிய கம்பி ஃபிலிமில் தெளிவாகத் தெரிந்தால் போதும் என்கிறது. அப்படியானால் அந்தக் கம்பியை நீங்களே தேடிப் பார்க்க வேண்டும். அறிக்கையில் எழுதியிருக்கிறது என்று விட்டுவிடக் கூடாது. காமா கதிரில் எடுத்த ஃபிலிமின் அடர்த்தி 2.0-க்கும் 4.0-க்கும் இடையே இருக்க வேண்டும். இரிடியத்தின் அரை ஆயுள் ஏறத்தாழ 74 நாள். பழைய மூலத்தை வைத்துக்கொண்டு புதியதற்கான நேரமே கொடுத்தால் ஃபிலிம் வெளிறி வரும். இங்கே மே மாதத்தில் இருட்டறைத் தொட்டித் தண்ணீர் முப்பது டிகிரிக்கு மேல் போய்விடும்; டெவலப்பருக்கு வழக்கமாகச் சொல்லும் 20 டிகிரி, ஐந்து நிமிடம் என்ற கணக்கு அங்கே செல்லாது. குளிரூட்டாமல் கழுவினால் ஃபிலிமில் புகைமூட்டம் படியும். அந்த மூட்டத்துக்குள் மெல்லிய கோடு மறைந்துவிடும். மழைக்காலத்திலோ ஈரம் குடித்த லோ-ஹைட்ரஜன் வெல்டிங் ராடுகளால் வெல்டிலேயே துளைகள் மலியும். ராடைச் சூட்டடுப்பிலிருந்து எடுத்த நேரத்தைக் குறித்துவைக்கும் பட்டறைகளில் ஜூலை மாத ஃபிலிமும் பளிச்சென்றிருக்கும்.

ஒரு பட்டறையில் லாங் சீம் ஃபிலிம்களை வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தபோது, இரண்டு ஃபிலிம்களில் வெல்டின் மேற்பரப்பு அலைகள் ஒன்றுபோலவே இருந்தன. ஓரத்தில் தெறித்த ஒரு சிறு உலோகத் துளியின் நிழலும் இரண்டிலும் ஒரே இடத்தில்தான் இருந்தது. ஈய எண்கள் மட்டும் வேறு. நன்றாக வந்த ஒரே இடத்தை எண்ணை மாற்றி இரண்டு முறை எடுத்திருந்தார்கள். இட அடையாளங்களை ஃபிலிம் உறையின்மேல் ஒட்டாமல் கலனின்மேலேயே வைக்க வேண்டும் என்று நெறி சொல்வதும், அந்த இடங்கள் கலனில் மறுபடி கண்டுபிடிக்கும்படி பதிந்திருக்க வேண்டும் என்பதும் இதற்காகத்தான். உங்கள் லாங் சீம் ஃபிலிம்களையும் இந்தக் கண்ணோடு ஒருமுறை பார்த்துவிடுங்கள். சந்தேகப்பட்டுச் சொல்லவில்லை, பார்க்க வேண்டிய பழக்கம் அது.

முழுப் படம் எடுத்துவிட்டால் எல்லாம் தெரிந்துவிட்டது என்றும் நினைக்கக் கூடாது. கதிர் செல்லும் வழியில் உலோகம் குறைந்தால்தான் ஃபிலிம் அங்கே கறுக்கும். துளையும் ஸ்லாக்கும் கனம் உள்ளவை, நன்றாகத் தெரியும். தகட்டின் சாய்ந்த விளிம்பில் உருகாமல் ஒட்டிக்கொண்ட மெல்லிய பரப்போ, கதிருக்குக் குறுக்கே படுத்திருக்கும் விரிசலோ கனமே இல்லாதவை; கதிர் அவற்றின் தளத்தோடு ஒட்டிச் சென்றால் மட்டுமே பிடிபடும். இவைதான் அழுத்தத்தில் வளரக்கூடியவை. தடிமனான கலன்களில் ஃபிலிமுக்குப் பதிலாக அல்ட்ராசோனிக் சோதனையை, கணினியில் பதியும் முறையில், இன்று நெறி ஏற்றுக்கொள்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஹைட்ரோ டெஸ்ட் பற்றிய வாதத்துக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வடிவமைப்பு அழுத்தத்தைப்போல் 1.3 மடங்கில், தகைவு விகிதத்தையும் (சோதனை வெப்பநிலையிலும் வடிவமைப்பு வெப்பநிலையிலும் அனுமதித்த தகைவுகளின் விகிதம்) சேர்த்து, கலனைச் சிறிது நேரம் நிறுத்திப் பார்ப்பது அந்தச் சோதனை. கசிவும் பெரிய பிழையும் அதில் தெரியும். உள்ளே ஆறு மில்லிமீட்டர் உருகாத இடம் இருந்தாலும் கலன் அன்று தாங்கிவிடும். ஆண்டுக்கணக்கில் அழுத்தம் ஏறி இறங்கும்போது என்ன ஆகும் என்பதை அது சொல்லாது. ஹைட்ரோ தேறியதால் இணைப்புத் திறன் ஏறும் என்று எந்த விதியும் இல்லை.

உங்கள் கலனுக்கு இனிச் செய்ய வேண்டியது இதுதான். ஹைட்ரோவுக்குப் பிறகு ஃபிலிம் எடுப்பதற்குத் தடையில்லை. முன்பே எடுத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். சர்க் சீம்களின் வெல்டர் ஸ்டாம்புகளைப் பட்டியலிட்டு இன்ஸ்பெக்டரிடம் கொடுத்து, இடத்தை அவரே குறிக்கும்படி கேளுங்கள். படம் எடுப்பதை இரவில், ஷிஃப்ட் கலைந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமம் பெற்ற குழுவாக இருக்க வேண்டும். கயிறு கட்டி எல்லை வகுத்து, எச்சரிக்கை விளக்கு வைத்து, சர்வே மீட்டரோடு நிற்கிறார்களா என்று நீங்களே போய்ப் பாருங்கள். பக்கத்துக் கொட்டகையில் யாரும் உறங்கிக்கொண்டிருக்கக் கூடாது. ஸ்பாட் தேறினால் ஆர்டி-2 முத்திரையும் 1.0-உம் நிலைக்கும். குறை தெரிந்து வெல்டைத் திறக்க நேர்ந்தால், சரிசெய்த பிறகு ஹைட்ரோவை மறுபடி செய்ய வேண்டும். அந்தச் செலவை இப்போதே முதலாளியிடம் சொல்லிவிடுவது நல்லது.

ஃபிலிம் எடுக்கவே மாட்டோம் என்று பட்டறை பிடிவாதம் பிடித்தால் இன்னொரு வழியும் இருக்கிறது, ஆனால் அதற்கு வாடிக்கையாளர் சம்மதிக்க வேண்டும். 1.0-ஐக் கைவிட்டு 0.85-இல் கலனை மறுபடி கணக்கிட்டால், அரிப்பு போக எஞ்சும் 8.5 மி.மீ. ஷெல் தாங்கும் அழுத்தம் 1.31 மெகாபாஸ்கலாக இறங்குகிறது. டிஷ் எண்டுகள் அழுத்தியெடுத்த பிறகும் எங்கும் 10 மி.மீ.-க்குக் குறையாமல் இருந்தால் அவை இதைவிடச் சற்று அதிகமாகவே தாங்கும். ஆகவே தகட்டுத் தடிமானியால் அவற்றின் வளைவுப் பகுதியை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பெயர்த்தகட்டில் 1.31-ஐப் பொறித்து, சேஃப்டி வால்வையும் அதற்கேற்ப மாற்றி, திருத்திய கணக்குத்தாளோடு கொடுத்தால் அதுவும் நேர்மையான கலன்தான். 1.5 என்று பொறித்துவிட்டு ஸ்பாட் எடுக்காமல் விடுவதற்கு மட்டும் நீங்கள் கையெழுத்துப் போடாதீர்கள்.